பர்மாவில் எங்களுக்கு ஒரு சின்ன அப்பாயி

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். அவசரமாக இருப்பவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் சாவகாசமாகப் படியுங்கள். நம் குடும்பத்தில் சிலருக்கு இதில் வருத்தம் வரலாம். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் போன் பண்ணுங்கள்.

போன வாரம் சிங்கப்பூரில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் ஒரு படம் அனுப்பியிருந்தான். கட்டிலில் அவன் அம்மா. பக்கத்தில் ஒரு பெண் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கிறார். அவர் இரண்டு கன்னத்திலும் வெளிர்மஞ்சளாக வட்டமாக ஏதோ பூசியிருக்கிறது. "டீச்சர், அம்மாவைப் பார்த்துக்க மியான்மரிலிருந்து வந்திருக்காங்க. நம்ம ஊர்ப் பொம்பளைங்க மாதிரியே மஞ்சள் பூசுறாங்க. நமக்கும் அவங்களுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?" என்று கேட்டிருந்தான்.

மஞ்சள் இல்லையப்பா. அதன் பெயர் தனக்கா. நம் எலுமிச்சை, விளா மரங்களின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மரம் அது. அதன் பட்டையைத் தண்ணீர் விட்டு வட்டமான கல்லில் இழைப்பார்கள். நாம் சந்தனம் இழைப்பது போலத்தான். வெயிலுக்குக் குளிர்ச்சி, முகத்துக்கு அழகு. நாற்று நடப் போகிறவரும் பூசுவார், ஆபீஸ் போகிறவரும் பூசுவார்.

"தொடர்பு உண்டா" என்று கேட்டாய் அல்லவா, அதற்குத்தான் இந்தப் பதிவு. தொடர்பு உண்டு. நம் வீட்டுக்குள்ளேயே உண்டு. இத்தனை வருஷம் வகுப்பில் பர்மா பாடம் நடத்தியும் அதை நான் சொன்னதில்லை.

முதலில் வரலாறு.

நாகப்பட்டினத்துக்கும் பர்மாவுக்கும் கடல் வழிப் பழக்கம் மிகப் பழையது. பர்மாவின் பழைய தலைநகரான பகானில் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. மலைமண்டலத்து வணிகர் ஒருவர் அங்கே இருந்த நானாதேசி விண்ணகரம் என்ற பெருமாள் கோயிலுக்குக் கொடுத்த கொடையைச் சொல்கிறது. அதில் ஒரு பகுதி தமிழில் இருக்கிறது. அங்கிருந்து இங்கே வந்தவர்களும் உண்டு. பெகு அரசர் தம்மசேதி 1476இல் வெட்டுவித்த கல்யாணிக் கல்வெட்டுகளில் ஒரு செய்தி வருகிறது. இலங்கைக்குப் போய்த் திரும்பிய பர்மியப் பிக்குகளில் சிலர் கப்பல் உடைந்து, கரையேறி, நடந்தே நாகப்பட்டினம் வந்து அங்கிருந்த புத்தரை வணங்கினார்களாம். ஆக, ஐந்நூறு வருஷத்துக்கு முன்பே பர்மாக்காரர்கள் நம் மண்ணில் கால் வலிக்க நடந்திருக்கிறார்கள். பின்னாளில் நம் ஆட்கள் அவர்கள் மண்ணில் நடந்ததற்கு இப்போது வருகிறேன்.

1852இல் கீழ்ப் பர்மாவை ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஐராவதி ஆற்றின் டெல்டா அப்போது பெரும்பாலும் காடும் சதுப்பும். நெல் விளைந்த நிலம் பத்து லட்சம் ஏக்கருக்கும் குறைவு. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி கூடியது. காட்டை வெட்டினார்கள், கரை போட்டார்கள், நெல் போட்டார்கள். 1930களில் அது எண்பது லட்சம் ஏக்கருக்கு மேல். உலகத்திலேயே அதிக அரிசி ஏற்றுமதி செய்த நாடு பர்மாதான். வருஷத்துக்குச் சுமார் 30 லட்சம் டன்.

இவ்வளவு நிலத்துக்கு ஆள் வேண்டும், பணம் வேண்டும். இரண்டும் நம் பக்கத்திலிருந்து போயின. பணம் செட்டிநாட்டிலிருந்து போனது. ஆட்கள் ஆந்திரக் கடற்கரையிலிருந்தும் தமிழ் மாவட்டங்களிலிருந்தும் போனார்கள். பருவத்துக்குப் பருவம் போய் வந்தவர்களில் தெலுங்கர்களே அதிகம். தமிழர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று வருஷம் இருந்துவிட்டு வருவார்கள். தஞ்சாவூர் மாவட்டத்து ஆட்கள் இலங்கைத் தோட்டத்துக்கும் மலேயாவுக்கும் போனது போலவே பர்மாவுக்கும் போனார்கள். பண்ணையில் அடிமையாகக் கிடந்தவனுக்குக் கப்பல் ஒன்றுதான் தப்பிக்கும் வழி. ஆனால் அங்கே போனால் மேஸ்திரியிடம் வாங்கிய முன்பணம் கழுத்தைப் பிடிக்கும்.

1931 கணக்கெடுப்பில் பர்மாவில் இருந்த இந்தியர்கள் பத்து லட்சத்துக்கு மேல். ரங்கூன் நகரத்து ஜனத்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர்கள். அவர்களில் பத்துப் பேருக்கு ஏழு பேர் ஆண்கள். இந்த ஒரு கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சொல்லப்போகும் எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

என் தாத்தாவும் அவர் தம்பியும் அப்படிப் போனவர்கள்தான். நீடாமங்கலத்தில் ரயில் ஏறி, சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறி, மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து, நாலாம் நாள் ரங்கூன். சம்பா நடவு முடிந்து ஐப்பசியில் கிளம்பினால், அங்கே கார்த்திகை, மார்கழியில் அறுப்பு. தை பிறந்தால் அரிசி ஆலைகளில் வேலை. சித்திரை, வைகாசியில் திரும்பிவிடலாம். இங்கே ஆனியில் ஆற்றில் தண்ணீர் வருவதற்குள் ஏர் கட்ட வந்தாக வேண்டும்.

அந்த ஏழு மாதமும் இங்கே களை எடுத்தது யார்? தையில் அறுத்துக் களம் சேர்த்தது யார்? என் அப்பாயி. பத்தாயத்தில் நெல் விழும் வரை வேலை அப்பாயியுடையது. விழுந்த பிறகு சாவி மாமனாருடையது. அப்பாயி ஒரு மரக்கால் நெல் அளந்து மீன்காரிக்குக் கொடுக்க வேண்டுமானாலும் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். இதை அப்பாயி குறையாகச் சொன்னதில்லை. ஆனால் தாத்தா பர்மாவிலிருந்து வந்து சொன்ன ஒரு விஷயத்தை மட்டும் சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். "அங்கல்லாம் பொம்பளதான் கல்லாவுல உக்காருவாளாம். புருஷன் செலவுக்கு அவகிட்ட கையை நீட்டுவானாம்." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

தாத்தா சொன்னது கதை இல்லை. பர்மாவுக்குப் போன வெள்ளைக்காரர்களும் அதைத்தான் வியந்து வியந்து எழுதினார்கள். ஐராவதி டெல்டாவில் உழவு ஆணுக்கு, நடவு பெண்ணுக்கு. இதுவரை நம் ஊர்தான். அதற்கப்புறம் வேறு. கடைத்தெருவில் துணி, மீன், வெற்றிலை, சுருட்டு எல்லாம் விற்பது பெண்கள். வீட்டுப் பணம் பெண் கையில். கல்யாணத்துக்கு வரதட்சணை கிடையாது. மாப்பிள்ளை கொஞ்ச காலம் பெண் வீட்டில் வந்து இருப்பதும் சகஜம். அவர்களுடைய பழைய தர்ம நூல்கள் மகனுக்கும் மகளுக்கும் சொத்தில் பங்கு சொல்கின்றன. புருஷன் பெண்டாட்டி சேர்ந்து சம்பாதித்தது இருவருக்கும் பொது. ஒத்து வராமல் இருவரும் பேசிப் பிரிந்தால் ஆளுக்குப் பாதி.

கல்யாணம் ஆனாலும் பெண்ணின் பெயர் மாறாது. அங்கே குடும்பப் பெயர் என்பதே கிடையாது. வயதைப் பொறுத்து முன்னால் 'மா' என்றோ 'டோ' என்றோ மரியாதைக்குச் சேர்ப்பார்கள். ஆங் சான் சூ சி என்ற பெயரைப் பாருங்கள். ஆங் சான் அப்பாவுடையது, சூ அப்பாவின் அம்மாவுடையது, சி அம்மாவுடையது. ஓர் ஆங்கிலேயரைக் கல்யாணம் செய்துகொண்டும் அந்தப் பெயர் அப்படியேதான் இருந்தது.

நம்முடையது போலவே இருக்கும் வழக்கங்களும் நிறைய. ஆடி வாக்கில் வரும் வாசோ மாதப் பௌர்ணமியிலிருந்து மூன்று மாதம் அங்கே மழைக்கால நோன்பு. பிக்குகள் வெளியூர் போய்த் தங்க மாட்டார்கள். மற்றவர்கள் அந்த மூன்று மாதமும் கல்யாணம் வைக்க மாட்டார்கள், வீடு மாற மாட்டார்கள். நாம் ஆடிக்கு ஒரு மாதம் பார்ப்பதை அவர்கள் மூன்று மாதம் பார்க்கிறார்கள். காரணம் புரிகிறது அல்லவா? அது நடவு காலம். ஐப்பசி வாக்கில் விளக்கேற்றி நோன்பை முடிப்பார்கள். அதோடு பயணக் காலம் தொடங்கும்.

அடுத்த பௌர்ணமியையொட்டி, நம் கார்த்திகை தீபம் போலவே இன்னொரு விளக்குத் திருவிழா. அன்றைக்குப் பகோடாவில் தறி போட்டு, இளம்பெண்கள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து காவி ஆடை நெய்வார்கள். பொழுது விடிவதற்குள் நெய்து முடித்துப் புத்தருக்குச் சாத்த வேண்டும். ரங்கூன் ஷ்வேடகோன் பகோடாவில் இது போட்டியாகவே நடக்கும். அறுப்பு முடிந்தால் ஊருக்கு ஊர் பகோடா திருவிழா. மாட்டு வண்டியிலும் படகிலும் குடும்பத்தோடு கிளம்புவார்கள். பெண்கள் சாமி கும்பிட மட்டும் போவதில்லை, கடை போடவும் போவார்கள்.

நம் சித்திரை முதல் நாளை ஒட்டி அவர்களுக்கும் வருஷப் பிறப்பு. தண்ணீர் ஊற்றி விளையாடுவார்கள். அதன் பெயர் திஞ்சான். சங்கராந்தி என்ற சொல்தான் அப்படித் திரிந்திருக்கிறது. காதுகுத்துகூட உண்டு. பையனைச் சில நாள் துறவி ஆக்கும் சடங்கு நடக்கும்போது அவன் சகோதரிக்கு இளவரசி போல அலங்காரம் செய்து காது குத்துவார்கள்.

அதற்காக அங்கே பெண்கள் ராஜ்ஜியம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆணுக்குப் 'போன்' என்று ஒரு மகிமை உண்டு, பெண்ணின் கைலிக்குக் கீழே நடந்தால் அது குறைந்துவிடும் என்பது நம்பிக்கை. ஆகவே பெண்ணின் கைலியை ஆண் தலைக்கு மேல் காயப்போடக் கூடாது. சில புனித இடங்களில் பெண்கள் கிட்டே போக முடியாது. கியாய்க்தியோ மலையில் இருக்கும் பொற்பாறையில் ஆண்கள்தான் தங்கத் தகடு ஒட்டலாம். நமக்கு இதெல்லாம் புதிதா என்ன? 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது பெண்கள் அந்த நம்பிக்கையையே ஆயுதம் ஆக்கினார்கள். தெருவுக்குக் குறுக்கே கயிறு கட்டித் தங்கள் கைலிகளைத் தொங்கவிட்டார்கள். துப்பாக்கியோடு வந்த சிப்பாய்கள் அதற்குக் கீழே வரத் தயங்கி நின்றார்கள்.

இனி கல்யாணத்துக்கு வருகிறேன். பிரச்சினை அங்கேதான்.

பர்மியப் பௌத்தர்களுக்குக் கல்யாணம் என்பது உலகியல் காரியம். பிக்கு வந்து நடத்திவைப்பதில்லை. தாலி கிடையாது, அக்கினி கிடையாது. பெரியவர்கள் முன்னிலையில் கை சேர்த்து, ஒரே தட்டில் சாப்பிட்டு, ஊரறியச் சேர்ந்து வாழ்ந்தால் அது கல்யாணம். அவர்கள் சட்டத்திலும் அது முழுக் கல்யாணம். அவள் முழு மனைவி, பங்குள்ள மனைவி.

ஆனால் அவள் கட்டிக்கொண்டவன் கப்பலில் வந்த இந்து என்றால்? அவன் சட்டம் வேறு. இந்துச் சட்டப்படி அந்தக் கல்யாணம் செல்லாது. அவன் செத்தாலும் ஊருக்குப் போய்விட்டாலும் அவளுக்கு அவன் சொத்தில் உரிமை இல்லை. பிள்ளைகள் முறையான வாரிசு இல்லை. முஸ்லிமைக் கட்டிக்கொண்டால் மதம் மாறியாக வேண்டும், மாறினால் தன் சட்டம் கொடுத்த உரிமைகள் போய்விடும். தன் ஊரில், தன் வழக்கப்படி, தன் பெற்றோர் முன்னால் மனைவியானவள் கோர்ட்டுக்குப் போனால் யாரோ ஒருத்தி. பத்துக்கு ஏழு பேர் ஆணாக வந்து இறங்கிய இடத்தில் இப்படி எத்தனை குடும்பங்கள் இருந்திருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இதற்குள் 1930களின் மந்தம் வந்தது. நெல் விலை விழுந்தது. கடன் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. 1938 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் அவர்களிடம் இருந்தது. இதிலே ஒரு விசித்திரம் சொல்லவேண்டும். நம் ஆட்கள் போய் விளைவித்த அதே பர்மா அரிசி மலிவாக வந்து இறங்கியதால் தஞ்சாவூர் நெல்லுக்கு விலை இல்லாமல் போனது. இறக்குமதி அரிசிக்கு வரி போடு என்று இங்கே மிராசுதார்கள் குரல் எழுப்பினார்கள். அங்கே பர்மாக்காரன் கோபம், இங்கே மிராசுதார் கோபம், நடுவில் கப்பலில் ஒரு கூலிக்காரன்.

நிலம் போன கோபமும் வேலை போன கோபமும் கடைசியில் பெண் பெயரில் வெடித்தன. 'நம் பெண்களை வெளிநாட்டான் கொண்டுபோகிறான்' என்று பத்திரிகைகள் எழுதின. 1938 ஜூலையில் ரங்கூனில் பெரும் கலவரம். உடனடிக் காரணம் புத்த மதத்தை இழிவுபடுத்துவதாகச் சொல்லப்பட்ட ஒரு புத்தகம். அடிபட்டவர்களில் முஸ்லிம்கள் அதிகம். விசாரித்த குழு, இந்தக் கலப்புத் திருமணப் பிரச்சினையையும் காரணங்களில் ஒன்றாகப் பேசியது. அடுத்த வருஷம், 1939இல், பௌத்தப் பெண்கள் சிறப்புத் திருமணம், வாரிசுரிமைச் சட்டம் வந்தது. பிற மதத்தானைக் கட்டிக்கொண்டாலும் பர்மியப் பெண்ணுக்கு அவள் சட்டத்தின் உரிமை உண்டு என்றது. 1954இல் அதைப் புதுப்பித்தார்கள்.

அந்தச் சட்டத்தை நான் நியாயம் என்றே நினைக்கிறேன். பெண்ணுக்கு நடந்த அநியாயம் உண்மை. ஆனால் அதைக் கையில் எடுத்தவர்கள் எல்லோரும் பெண்ணுக்காக எடுக்கவில்லை என்பதும் உண்மை. 2015இல் அதே பெயரில் இன்னொரு சட்டம் வந்தது. முஸ்லிம்களைக் குறிவைத்து வந்த நான்கு சட்டங்களில் அது ஒன்று. அங்கே பெண்கள் அமைப்புகளே அதை எதிர்த்தன.

இனி குடும்பக் கதை.

1941 டிசம்பர் 23ஆம் தேதி ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். 1942 மார்ச்சில் நகரம் விழுந்தது. கப்பல் கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் நடந்தார்கள். நாலைந்து லட்சம் பேர் இந்தியாவை நோக்கி நகர்ந்தார்கள். ஒரு வழி அரக்கான் மலை தாண்டிச் சிட்டகாங்குக்கு. இன்னொரு வழி தாமு, மோரே வழியாக இம்பாலுக்கு. காலராவிலும் பசியிலும் பல்லாயிரம் பேர் வழியிலேயே போனார்கள். ரங்கூனில் 'ஜோதி' பத்திரிகை நடத்திய வெ. சாமிநாத சர்மாவும் அப்படி நடந்து வந்தவர். அந்த நடைப் பயணத்தைப் பற்றிய அவர் புத்தகத்தைக் கிடைத்தால் வாங்கிப் படியுங்கள்.

என் தாத்தா அதற்கு முன்பே பர்மா போவதை நிறுத்திவிட்டார். தம்பி, அதாவது எங்கள் சின்னத் தாத்தா, நிறுத்தவில்லை. முதலில் பருவத்துக்குப் பருவம் வந்துகொண்டிருந்தவர், அப்புறம் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வந்தார், அப்புறம் வரவே இல்லை. 1942 ஆடியில் ஒருநாள் சாயங்காலம் வீட்டு வாசலில் வந்து நின்றார். கால் இரண்டும் வீங்கி, முழங்காலுக்குக் கீழே புண்ணாக இருந்ததாம். கையில் ஒரே ஒரு பொருள். சிவப்பு அரக்கு பூசிய வட்டமான மூங்கில் வெற்றிலைப் பெட்டி.

அந்தப் பெட்டியை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அதற்குள் மரச்சீப்பு ஒன்று கிடக்கும். ஆண்கள் தலை வாரும் சீப்பு இல்லை. கொண்டையில் செருகும் வளைந்த சீப்பு. அது யாருடையது என்று நான் கேட்டதில்லை. யாரும் சொன்னதும் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் அத்தைதான் சொன்னார். அத்தைக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. சின்னத் தாத்தா வந்து நின்ற அன்று அவருக்குப் பன்னிரண்டு வயது. புண்ணுக்கு வெந்நீர் விட்டுக் கழுவியது அவர்தான். பர்மாவில் சின்னத் தாத்தாவுக்கு மனைவி இருந்தார். எட்டு வயதில் ஒரு பெண்ணும் இருந்தது. அந்த அம்மாவுக்குக் கடைத்தெருவில் கடை, கொஞ்சம் நிலம், வயதான தாய். இந்தியர்களுக்கு அங்கே ஆபத்து, அவர்களுக்கு இல்லை. சண்டை முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு நடந்து வந்துவிட்டார்.

1944இல் வீட்டுப் பெரியவர்கள் அவருக்குப் பெண் பார்த்தார்கள். எனக்கு அங்கே குடும்பம் இருக்கிறது என்று அவர் சொல்லியிருக்கிறார். கூடத்தில் எல்லோரும் இருந்தார்களாம். "தாலி கட்டினியா?" என்று என் கொள்ளுத் தாத்தா கேட்டார். "இல்ல. ஒரே தட்டுல சாப்பிட்டோம்" என்றார் இவர். கூடமே சிரித்ததாம். அத்தையும் சிரித்தாராம், சின்னப் பெண்தானே. "அந்தச் சிரிப்பு இன்னமும் காதுல கேட்குதுடி" என்று சொல்லி அழுதார்.

கல்யாணம் நடந்தது. நம்மில் பலருக்கு அந்தச் சின்ன அப்பாயியைத் தெரியும். பிள்ளை இல்லை, ஆனால் நம் எல்லோருக்கும் முறுக்கு சுற்றிக் கொடுத்தவர். சண்டை முடிந்ததும் சின்னத் தாத்தா பர்மாவுக்கு இரண்டு கடிதம் போட்டாராம். பதில் இல்லை. 1964இல் நே வின் ஆட்சி கடைகளை எல்லாம் அரசுடைமை ஆக்கி, 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றபோது, சுமார் மூன்று லட்சம் இந்தியர்கள் கட்டிய துணியோடு கப்பலில் வந்து இறங்கினார்கள். பெண்கள் தாலியைக்கூடக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறிய கதைகள் உண்டு. சென்னையில் பர்மா பஜாரும், பல ஊர்களில் பர்மா காலனிகளும் அவர்களால் வந்தவை. அந்த வருஷம் சின்னத் தாத்தா சென்னைத் துறைமுகத்துக்குப் போய்ப் பத்து நாள் இருந்தார். எதற்கு என்று கேட்டவர்களிடம் "சும்மா பார்த்துட்டு வந்தேன்" என்றார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவர் வாங்கிவந்த பிளாஸ்டிக் பூ மட்டும்தான் எனக்கு ஞாபகம்.

யாரைத் தேடிப் போனார் என்று இப்போது புரிகிறது. கப்பலில் வந்தவர்கள் இந்தியர்கள். அவர் பெண் அந்த ஊர்க்காரி. அந்தப் பட்டியலில் அவள் பெயர் ஏன் வரப்போகிறது?

இங்கே கல்யாணமாகி வந்த சின்ன அப்பாயி அந்தப் பெட்டியைத் தூக்கி எறியவில்லை. அதில்தான் வெற்றிலை வைத்துக்கொண்டார். சீப்பையும் எறியவில்லை. அவருக்கும் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தால் புருஷன் நிலம் அவர் பெயருக்கு வந்தது. நம் குடும்பத்தில் நிலம் வந்த முதல் பெண் அவர்தான். பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை என்று தமிழ்நாட்டில் சட்டம் வர 1989 ஆயிற்று. அத்தைக்கு அதற்குள் கல்யாணமாகிப் பேரன் எடுத்தாகிவிட்டது. பர்மாவில் இருந்த அந்தப் பெண்ணுக்குப் பிறக்கும்போதே இருந்த உரிமை நம் பெண்களுக்கு வர இத்தனை காலம் ஆயிற்று. அந்த உரிமையோடு பிறந்தவளைத்தான் நாம் கூடத்தில் உட்கார்ந்து ஒன்றுமில்லை என்று தீர்ப்புச் சொன்னோம்.

இதை எழுதாதே என்று உறவில் இரண்டு பேர் சொன்னார்கள். செத்தவர் பெயர் கெடும் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் பெரியவர்களிடம் மறைக்கவில்லை. சொன்னார். நாம்தான் காதில் வாங்கவில்லை.

நம் குடும்ப மரத்தைத் தம்பி மகன் கம்ப்யூட்டரில் வரைந்துகொண்டிருக்கிறான். சின்னத் தாத்தா பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெயர் மட்டும் இருக்கிறது. அதில் இன்னொரு கட்டம் போட்டு, 'பர்மாவில் மனைவி, ஒரு மகள்' என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். பெயர் தெரியாது. அத்தைக்கும் தெரியாது. உறவினர்கள் யார் வீட்டுப் பரணிலாவது பழைய கடிதமோ போட்டோவோ பர்மா எழுத்து எழுதிய காகிதமோ இருந்தால் தயவுசெய்து எரித்துவிடாதீர்கள். எனக்குத் தெரியப்படுத்துங்கள். இந்தப் பதிவைப் படிக்கும் மற்ற மாணவர்களும் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். டெல்டாவில் பர்மாவுக்கு ஆள் போகாத ஊர் குறைவு.

சிங்கப்பூர் மாணவனுக்கு: அந்தக் காலத்தில் நம் ஆண்கள் பிழைக்க அங்கே போனார்கள். இப்போது அந்த ஊர்ப் பெண்கள் பிழைக்க நம் வீடுகளுக்கு வருகிறார்கள். உன் அம்மாவுக்குக் கஞ்சி கொடுக்கும் அந்தப் பெண்ணின் ஊர் எது, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேள். வாரத்துக்கு ஒருநாள் விடுப்புக் கொடு. சித்திரையில் அவர்கள் வருஷப் பிறப்புக்கு வீட்டுக்குப் பேச நேரம் கொடு. நீ இவ்வளவு பெரிய மெசேஜ் அனுப்பினாய், அவர் பெயரை மட்டும் எழுதவில்லை. கேட்டு எழுதப்பா.

அன்புடன்,
உங்கள் வரலாற்று டீச்சர்